பல் விழுவது வயதின் விதியா? ஈறு நோயின் வரலாறு கற்றுத்தரும் பாடம்



நம் இல்லங்களில் பெரியவர் ஒருவரின் பல் ஆடத் தொடங்கினால், "வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால், "உடம்பில் சூடு" என்கிறோம். வாயில் நாற்றம் எழுந்தால் ஏலக்காயையோ கிராம்பையோ தேடுகிறோம். இவை மூன்றும் ஒரே நோயின் மூன்று படிகளாக இருக்கக்கூடும் என்றோ, முதற்படியிலேயே தடுத்துவிடக் கூடிய நோய் அது என்றோ நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் அன்னவாசல் போன்ற ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த நோயின் வரலாறு அயலார் கதையன்று. நாள்தோறும் நாம் செய்யும் உளூவோடு அதற்குத் தொடர்பு உண்டு. நமது வட்டாரத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஏழைத் தொழிலாளரின் வழித்தோன்றல்களோடும் உண்டு. ஈறு நோயைப் பற்றி இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் படிக்கும் அடிப்படையான உண்மைகளுள் ஒன்று, தமிழர்களின் வாயிலிருந்து எழுதப்பட்டது. அந்த வரலாற்றை முறையாகக் காண்போம்.

அன்னவாசலின் பாறையும் பல் துலக்கும் வழக்கமும்

அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் எனப்படும் குகைத்தளத்தில், சமணத் துறவியர் தங்கிய வழவழப்பான கல்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் இருப்பதை நாம் அறிவோம். சமணருள் திகம்பரத் துறவியருக்கு உரைக்கப்பட்ட இருபத்தெட்டு மூலகுணங்களுள் பல் துலக்காமையும் ஒன்று. உடலைப் பேணும் ஆசையை ஒறுப்பது அவர்களது நோக்கம். அதே நிலத்தில் வாழ்ந்த இல்லறத்தாரோ ஆலங்குச்சியாலும் வேலங்குச்சியாலும் பல் துலக்கினர். அவ்விரண்டும் பல்லுக்கு உறுதி என்று பழமொழியும் கண்டனர். பல் துலக்குவது மனிதர் எல்லோரும் இயல்பாகவே செய்யும் செயல் என்று நாம் கருதுகிறோம். உண்மையில் ஒவ்வொரு சமூகமும் தன் நம்பிக்கைக்கும் நெறிக்கும் ஏற்ப அதைப் பற்றி ஒரு முடிவு எடுத்திருக்கிறது.

இஸ்லாம் எடுத்த முடிவு தெளிவானது. தம் சமுதாயத்தாருக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லையாயின், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரியும் வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சியை மென்று மென்மையாக்கிக் கொடுக்க, அதைக் கொண்டு பல் துலக்கிய செய்தியும் புகாரியில் உள்ளது. வாழ்வின் இறுதித் தருணத்திலும் கைவிடப்படாத ஒரு சுன்னத்தை, நாம் ரமளானில் மட்டும் கடையில் வாங்கும் பொருளாகச் சுருக்கிவிட்டோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிஸ்வாக் கிடைக்கும் மரத்திற்குத் தாவரவியலில் சால்வடோரா பெர்சிகா என்று பெயர். தமிழில் அதன் பெயர் உகாய். சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக அது இடம் பெறுகிறது. அரபு நாட்டிலிருந்து வரும் குச்சி என்று நாம் எண்ணும் மரத்திற்குச் சங்க காலத்துத் தமிழிலேயே பெயர் இருந்தது. உகாய் வேரில் உள்ள பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள், ஈறு நோயோடு தொடர்புடைய சிலவகை நுண்ணுயிரிகளை அழிக்க வல்லது என்பதை 2011இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டியது. மிஸ்வாக் வழக்கம் உள்ள நாடுகளில் அதைப் பல் தூய்மைக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இல் பரிந்துரைத்தது.

சுரண்டுகோல் செய்த மருத்துவர்கள்

ஈறு நோயைப் பண்டைய மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை வாய் நோய்கள் 65 என எண்ணி, அவற்றுள் 15 நோய்களைப் பல்லின் அடிப்பகுதிக்கு, அதாவது ஈறுக்கு, உரியவையாக வகுக்கிறது. காரணமின்றி இரத்தம் கசிதல், ஈறு அழுகி மென்மையாதல், சீழ் கட்டுதல், பல் ஆடுதல் என இன்றைய மருத்துவர் கேட்டறியும் குறிகள் அங்கேயே உள்ளன. பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் தந்தசங்கு என்னும் கருவியும் அந்நூலின் அறுவைக் கருவிகளுள் ஒன்று.

அந்தக் கருவியை ஒரு தனிக்கலையாகவே வளர்த்தவர் அந்தலூசியாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ரா அவரது ஊர். 936 முதல் 1013 வரை வாழ்ந்தார் என்பர். அவர் எழுதிய அத்தஸ்ரீஃப் என்னும் மருத்துவக் கலைக்களஞ்சியம் முப்பது பகுதிகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதில் பல்லின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஈறுகளின் இடையிலும் சொரசொரப்பான காரை படிந்து கறுத்தும் மஞ்சளித்தும் பசுமையேறியும் போகும் என்றும், அதனால் ஈறு கெடும் என்றும் அவர் விளக்குகிறார். நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் தாங்கிக்கொள்ள வேண்டும். காரை முழுதும் நீங்கும்வரை சுரண்ட வேண்டும். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும். இதற்கெனப் பதினான்கு வகைச் சுரண்டுகோல்களை அவர் படமாகவே வரைந்து காட்டினார். முன்பல்லின் வெளிப்புறத்துக்கு ஒன்று, உட்புறத்துக்கு வேறொன்று, இடுக்குகளுக்கு மற்றொன்று எனக் கருவிகள் வேறுபட்டன. ஆடும் பற்களைப் பொன் கம்பியால் அருகிலுள்ள உறுதியான பற்களோடு கட்டும் முறையையும் அவர் எழுதினார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அந்த அறுவை நூலை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர் அதைப் பயின்றனர். இன்று பல் மருத்துவரிடம் சென்று "கிளீனிங்" செய்து கொள்வது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று நம்மில் சிலர் தயங்குகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் கருவியோடு படம் வரைந்து விளக்கிய சிகிச்சை அது.

காரணத்தைக் கண்டறிய ஆன காலம்

காரையைச் சுரண்டினால் ஈறு நலம் பெறும் என்று முன்னோர் அறிந்தனர். ஏன் என்பது தெரியவில்லை. 1683 செப்டம்பரில் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகர வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக், தம் பற்களின் இடையில் படிந்திருந்த வெண்ணிற மாவுப்பொருளைத் தாமே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அங்கே கணக்கற்ற சிற்றுயிர்கள் நெளிந்தன. இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அதை எழுதி அனுப்பினார். எனினும் அச்சிற்றுயிர்களுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள தொடர்பு அப்போது உறுதிப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரப் பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ், ஈறுக்கு அடியில் மறைந்துள்ள காரையையும் அகற்றினால்தான் நோய் தணியும் என்று வற்புறுத்தினார். இந்நோய்க்கு அவர் பெயரே சில காலம் வழங்கியது. நம் நாட்டில் முந்தைய தலைமுறையினர் பயோரியா என்று அழைத்ததும் இதுதான். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், வாயின் தொற்றே உடலின் பல நோய்களுக்கும் மூலம் என்ற கருத்து பரவி, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களையும் மருத்துவர்கள் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கினர். பின்னர் அந்த மிகை மெல்ல அடங்கியது.

தெளிவான விடை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரிலிருந்து வந்தது. ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய தோழர்களும், ஈறு நலமாக இருந்த பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. பற்படலம் சேர்ந்தால் ஈறு வீங்கும். படலத்தை நீக்கினால் ஈறு தேறும். இந்த எளிய உண்மையை ஐயமின்றி நிறுவிய சோதனை இதுதான்.

தேயிலைத் தோட்டத்துத் தமிழர்

ஆனால் மூன்று வாரச் சோதனையால் அறிய முடியாத கேள்வி ஒன்று எஞ்சியது. ஈறழற்சியை முப்பது, நாற்பது ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதை அறிய, பல் மருத்துவத்தின் கை ஒருபோதும் படாத மக்கள் தேவைப்பட்டனர். ஹரால்டு லோவின் குழு அவர்களை இலங்கையின் மலையகத்தில் கண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்தனர். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், மதுரை, சேலம் ஆகிய வட்டாரங்களின் ஏழை மக்கள் கடல் கடந்து மலையேறினர். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களது வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று வகுத்தது. கூலி குறைவு, கல்வி அரிது, பல் மருத்துவம் என்பதோ அறவே இல்லை.

1970இல் நுவரெலியா மாவட்டத்தின் பூண்டுலோயா பகுதியில் டன்சினன், ஹரோ என்னும் இரு தோட்டங்களைச் சேர்ந்த 480 தமிழ் ஆண் தொழிலாளரை ஆய்வுக்குழு பரிசோதித்தது. தூரிகையால் பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மருத்துவர் எவரும் அவர்களது வாயைப் பார்த்ததில்லை. பதினைந்து ஆண்டுகளில் பன்முறை அதே மனிதர்களைத் தேடிச் சென்று பல்லையும் ஈறையும் அளந்தனர். 1985இல் நடந்த இறுதிப் பரிசோதனையில் 161 பேரே எஞ்சியிருந்தனர். ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் தாயகம் திரும்பிக் கொண்டிருந்ததும், 1983இன் இனக்கலவரம் நிகழ்ந்ததும் இந்த இடைவெளியில்தான்.

ஆய்வின் முடிவு 1986இல் வெளியாயிற்று. அத்தொழிலாளர் அனைவருக்கும் ஈறழற்சி இருந்தது. எனினும் அதன் விளைவு ஒரே வகையாக இல்லை. ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சிக்கு மேல் நோய் முற்றவில்லை. அவர்கள் பல்லையும் இழக்கவில்லை. 81 விழுக்காட்டினருக்கு நோய் மெல்ல மெல்ல முன்னேறியது. முப்பது வயதுக்குப் பின் பல் விழத் தொடங்கி, 45 வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயிருந்தன. எஞ்சிய 8 விழுக்காட்டினரின் நிலை கொடியது. இருபது வயதிலேயே அவர்களுக்குப் பல் விழத் தொடங்கிற்று. 35 வயதில் பன்னிரண்டு, 40 வயதில் இருபது. 45 வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அத்தொழிலாளருக்குச் சொத்தைப்பல் அநேகமாக இல்லை. சொத்தை இல்லாத, வெளிப்பார்வைக்குக் குறையற்ற பற்கள் அவை. அவற்றைத் தாங்கிய எலும்பு அரிந்து போனதால் அவை விழுந்தன. பல் வலித்தால் மட்டும் மருத்துவரிடம் செல்வோம் என்னும் நம் வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சொத்தை வலியெழுப்பி எச்சரிக்கும். ஈறு நோய் பெரும்பாலும் வலியின்றியே வேலையை முடித்துவிடும்.

"என் பாட்டனார் வாழ்நாளில் பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை, எல்லாப் பல்லோடும் மவுத்தானார்" என்று வாதிடுவோர் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டனார் 11 விழுக்காட்டைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். ஆனால் தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதை முன்கூட்டி அறியும் வழி எவருக்கும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலும் பரம்பரையும் மனிதருக்கு மனிதர் வேறுபடுகின்றன. பாட்டனாரின் நற்பேறு பேரனுக்கு உத்தரவாதம் அன்று.

2010இல் மற்றோர் ஆய்வுக்குழு அதே தோட்டங்களுக்குச் சென்று, முதலில் பரிசோதிக்கப்பட்டவர்களுள் 75 பேரைக் கண்டு மீண்டும் அளந்தது. நாற்பது ஆண்டுத் தொடர்ச்சியுடைய அந்தப் பதிவின் முடிவு 2017இல் வெளிவந்தது. காரையும் ஈறழற்சியும் மிகுந்திருந்தவர்களிடமே இழப்பும் மிகுதி என்பதை அது உறுதி செய்தது.

நோயின் இயற்கைப் போக்கைப் பதிவு செய்வதே அந்த ஆய்வின் நோக்கம். அதற்கு விலையாக அமைந்தது, பல் மருத்துவம் எட்டாத மக்களின் வறுமை. நம் வட்டாரத்து மூதாதையரின் வழிவந்த அம்மக்கள் பல்லை இழந்தனர்; அதனால் உலகம் ஓர் அறிவைப் பெற்றது. அந்த அறிவு மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் காலத்தில் வாழும் நாம் அதைப் பயன்படுத்தாமல் விடுவது, அவர்கள் பட்ட இழப்பை வீணாக்குவதாகும்.

நோயை அறியும் குறிகள்

நலமான ஈறு உறுதியாகப் பல்லைப் பற்றியிருக்கும். துலக்கும்போது இரத்தம் வராது. புத்தகங்களில் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று படிக்கும் நம்மவர், தம் ஈறு கருத்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மாநிறமும் கருநிறமும் உடையோரின் ஈறில் கரிய நிறமி இருப்பது இயல்பு. நிறத்தைக் காட்டிலும் கவனிக்க வேண்டியவை பின்வருவன:

• துலக்கும்போதோ கடினமான பொருளைக் கடிக்கும்போதோ இரத்தம் கசிதல். இது முதல் எச்சரிக்கை.
• ஈறு வீங்கிப் பளபளத்தல், தொட்டால் நோதல்.
• நீங்காத வாய் நாற்றம்.
• ஈறு கீழிறங்கிப் பல் நீண்டது போலத் தோன்றுதல்; பற்களிடையே புதிதாக இடைவெளி விழுதல்.
• ஈறை அழுத்தினால் சீழ் வருதல்.
• பல் ஆடுதல் அல்லது இடம் பெயர்தல். இது பிந்திய நிலை.

பீடி, சிகரெட் பிடிப்போரிடம் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். புகை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடுவதே காரணம். நோய் உள்ளே முற்றிக்கொண்டிருக்க, எச்சரிக்கை மட்டும் மறைந்துவிடுகிறது. புகையிலையை மெல்வோரும், புகையிலைப் பொடியால் ஈறைத் தேய்க்கும் மூதாட்டியரும் அது பல்வலியை அடக்குவதாக எண்ணுகின்றனர். அப்பழக்கம் ஈறைச் சிதைப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருமடங்கு கவனம் கொள்ள வேண்டும். இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறில் நீடிக்கும் அழற்சி, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஈறுக்குச் சிகிச்சை பெற்றால் இரத்தச் சர்க்கரையின் அளவும் ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கருவுற்ற பெண்களுக்கும் உடலின் மாற்றங்களால் ஈறு எளிதில் வீங்கும். அதனை இயல்பென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

நம் வணக்கத்தோடும் இது தொடர்புடையது. ஹனஃபி மத்ஹபில், வாயில் கசியும் இரத்தம் உமிழ்நீரை விட மிகுந்தால் உளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் அதனால் உளூ முறிவதில்லை. ஈறு நோயோடு வாழும் ஹனஃபி சகோதரர் ஒருவர் ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் ஐயுற்று நிற்பதைவிட, அந்த இரத்தம் ஏன் வருகிறது என்று அறிந்து தீர்த்துக்கொள்வது சிறந்ததன்றோ?

தடுக்கும் முறை

நோய்க்குக் காரணம் பல்லும் ஈறும் சேருமிடத்தில் படியும் மெல்லிய படலம். அதை நீக்காது விட்டால் உமிழ்நீரின் உப்புகள் அதில் இறுகிக் காரையாகும். படலத்தை நாமே நீக்கலாம். காரையை நீக்க மருத்துவரால்தான் முடியும். எனவே நாள்தோறும் நாம் செய்ய வேண்டியது படலத்தை அகற்றுவதுதான்.

காலையிலும் இரவு உறங்குமுன்பும் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ்ஷைக் கொண்டு, ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்க வேண்டும். பிரஷ்ஷின் இழைகள் ஈறின் விளிம்பை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். வலிந்து தேய்ப்பது தேவையில்லை. பற்களின் இடுக்கை எந்த பிரஷ்ஷும் முழுதாக எட்டாது. அதற்கு இடுக்குப் பிரஷ்ஷோ, பல் நூலோ வேண்டும். கரி, செங்கல் தூள், மணல் முதலியவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து ஈறைக் கீறும். அவற்றைக் கைவிடுதல் நலம்.

மிஸ்வாக் செய்வோர் குச்சியின் நுனியை மென்று இழைகளாக்கி, ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கித் துலக்க வேண்டும். பயன்படுத்திய நுனியை அவ்வப்போது வெட்டி எறிந்து புது நுனி கொள்ள வேண்டும். முறையாகச் செய்தால் மிஸ்வாக் பிரஷ்ஷுக்கு இணையாகப் படலத்தை நீக்குவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் கடைவாய்ப் பற்களின் பின்புறத்தையும் நாக்குப் பக்கத்தையும் குச்சி எளிதில் எட்டாது. ஆகவே மிஸ்வாக்கையும் பிரஷ்ஷையும் எதிரெதிராக நிறுத்தாமல் இரண்டையும் கைக்கொள்வோம். உளூவில் வாய் கொப்பளிப்பது உணவுத் துணுக்குகளை அகற்றும்; ஒட்டியிருக்கும் படலத்தை அகற்றாது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

நோன்பு காலத்தில், ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வதை மக்ரூஹ் எனக் கருதுவர்; ஹனஃபி மத்ஹபில் அத்தகைய தடை இல்லை. எந்த மத்ஹபினராயினும் ஸஹருக்குப் பின்னும் இஃப்தாருக்குப் பின் உறங்குமுன்பும் நன்கு துலக்கினால், அந்த மாதத்திலும் ஈறு நலமாகவே இருக்கும்.

சிகிச்சை

இரத்தம் கசிகிறதென்று துலக்குவதை நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. நிறுத்தினால் படலம் மேலும் சேரும், கசிவு மிகும். ஈறழற்சி மட்டும் இருப்பின், காரையை நீக்கி முறையாகத் துலக்கினால் ஈறு முழுதாகத் தேறும். ஆர்ஹூஸ் சோதனை காட்டிய உண்மை இது.

நோய் எலும்பைத் தொட்டுவிட்டால் பல் மருத்துவர், அளவுகள் குறித்த மெல்லிய கம்பியால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பையின் ஆழத்தை அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு; அதற்கு மேல் ஆழமானால் கவனிக்கத்தக்கது. எக்ஸ்ரே எடுத்து எலும்பின் நிலை காண்பார். பின்னர் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலுள்ள காரையை அகற்றுவார். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளப்பார். ஆழமான பைகள் எஞ்சினால் ஈறை விலக்கித் தூய்மை செய்யும் சிறு அறுவை தேவைப்படலாம். இழந்த எலும்பு முழுதும் திரும்ப வளர்வது அரிது. நோயை நிறுத்துவதே முதல் இலக்கு. அதன்பின் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தொடர்ந்து காட்ட வேண்டும். மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி உண்பது காரையை நீக்காது. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கொப்பளிப்பு நீரையும் மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால் பல்லில் கறை ஏறும்.

"கிளீனிங் செய்தால் பல் ஆடும், பல்லின் இடையே சந்து விழும்" என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உள்ளது. காரை கல்லாக இறுகிப் பற்களை ஒட்டவைத்தது போல் பிடித்திருந்தது. ஈறு முன்னமே இறங்கிவிட்டது. காரையை அகற்றியதும் மறைந்திருந்த சந்து வெளிப்படுகிறது. மருத்துவர் அந்தச் சந்தை உண்டாக்கவில்லை. நோய் உண்டாக்கியதை வெளிக்காட்டினார். வீக்கம் வற்றி ஈறு இறுகும்போது லேசான ஆட்டமும் பெரும்பாலும் குறையும்.

இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு அடிகோலியவர் மருத்துவர் ரஃபியுத்தீன் அஹ்மத் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அமெரிக்காவில் பயின்று திரும்பிய அவர், 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் செலவுக்காக ஒரு சோடாக் கடையையும் நடத்தினார். 1949இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே வழங்கிவிட்டார். 1964இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் வட்டாரத்திற்கும் அந்த வசதி வந்துவிட்டது. 2023இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அன்னவாசலிலிருந்து பேருந்தில் எளிதில் சென்றுவரக் கூடிய தொலைவுதான். பூண்டுலோயாவின் தொழிலாளருக்கு வாழ்நாள் முழுதும் எட்டாதிருந்த மருத்துவம், நமக்கு ஒரு முற்பகலில் எட்டும் தொலைவில் இருக்கிறது.

உடல் நமக்கு அல்லாஹ் அளித்த அமானிதம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு பல் மருத்துவரிடம் செல்வதும், சர்க்கரை நோய் உள்ள பெற்றோரின் ஈறை நாமே கேட்டறிவதும், புகையிலையை வீட்டின் வாசலோடு நிறுத்துவதும் அந்த அமானிதத்தைப் பேணும் செயல்கள். "வயதாகிவிட்டது" என்று இனி ஒருவர் சொன்னால், "துலக்கும்போது இரத்தம் வருகிறதா?" என்று அன்போடு கேட்போம். அந்த ஒரு கேள்வி ஒருவரது பற்களைக் காக்கக்கூடும், இன்ஷா அல்லாஹ்.